ஆறு வீட்டோடு நின்றுபோன ரோடு

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பால்காரர் செம்பில் ஊற்றினால் நுரையை ஊதிவிட்டுத்தான் அளவைப் பார்ப்பேன். கோயிலில் விபூதி கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவேன் என்று என் மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். இந்தப் புத்தி பனமலையில் பிறந்தபோதே கூட வந்தது. செஞ்சியில் வாழ்க்கைப்பட்ட பிறகு அதற்குத் தீனி நிறையவே கிடைத்தது. அந்தப் புத்தியால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செஞ்சிக்குக் கிழக்கே மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து அகலமான ரோடு ஒன்று இரண்டு பர்லாங் தூரம் போகும். இரண்டு லாரி எதிரெதிரே தாராளமாகப் போகலாம். அப்புறம் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். அது நிற்கிற இடத்தில் எங்கள் தெரு தொடங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, மீதி ரோடு எங்கே என்று கேட்பார்கள். மீதி ரோடு போடவே இல்லை. போட்டிருந்தால் எங்கள் தெரு, கடைவீதியின் பின்பக்கம், ஏரிக்கரை எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு கோட்டைப் பக்கம் போய்த் திருவண்ணாமலை ரோட்டில் சேர்ந்திருக்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் காலையில் ஓவர்சியர் ஒருவரும் நாலு ஆட்களும் சிவப்பு வெள்ளைக் கம்புகளோடு தெருவுக்குள் வந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், இடுப்பில் கைக்குழந்தை. அப்போது எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டில்தான் கரண்ட். எல்லா வீட்டுக்கும் இழுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, தெருவே குதித்தது. ஆட்கள் போதவில்லை என்று ஓவர்சியர் சொன்னதும் டேப்பின் மறுமுனையைப் பெண்களே பிடித்தார்கள். மோர் கரைத்துக் கொடுத்தார்கள். கரண்ட் கம்பம் நடுவதற்கு நூறடி அகலம் எதற்கு என்று நான் கேட்டேன். ஓவர்சியர் சிரித்துவிட்டு இன்னொரு டம்ளர் மோர் கேட்டார். நானும் கொடுத்தேன், அதை மறைப்பானேன்.

பத்து நாள் கழித்து ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தாரில் நம்பர் போட்டார்கள். அதற்கப்புறம் தாலுகா ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் தெருவின் நாற்பத்திரண்டு வீடும் அதில் இருந்தது. நம் வீட்டை இடிக்க நாமே டேப் பிடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலிருந்து தெருவில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. முதலில் டேப்பைப் பிடித்தது யார், மோர் கொடுத்தது யார் என்று கிணற்றடியில் தினமும் விசாரணை நடந்தது.

நோட்டீசை முதலில் படித்துச் சொன்னவர் என் வீட்டுக்காரர். தாலுகா ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் சாய்வுப் பலகை போட்டு மனு எழுதுவதுதான் அவர் தொழில். தமிழிலும் எழுதுவார், இங்கிலீஷிலும் எழுதுவார். பட்டா, ரேஷன் கார்டு, அண்ணன் தம்பி வரப்புத் தகராறு என்று எல்லாமே அவர் பலகைக்குத்தான் வரும். ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார். இன்றைக்கு யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்டால், சாதம் போடு என்பார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சுற்று ஊர்களிலிருந்து வருகிறவர்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வெறும் வெள்ளைத்தாளின் அடியில் கைநாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். திரும்பிப் போகிற பஸ் காத்திருக்காது. அவர் மூலையில் பென்சிலால் பேரைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக எழுதி, உரிய இடத்தில் சேர்த்துவிடுவார். தையல்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டு வருகிற மாதிரிதான் அது. யாரும் தப்பாக நினைத்ததில்லை.

தெருவும் அப்படியே செய்தது. ஒரு சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக ஆட்சேபணை கொடுக்க வேண்டும், சேர்ந்து ஒரே தாளில் கொடுத்தால் அதை ஒன்றாகத்தான் எண்ணுவார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் வெள்ளைத்தாளில் ரேகை வைத்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் விதைக்கடலை உடைக்கிறவர்கள். கட்டைவிரல் தேய்ந்து ரேகை சரியாக விழாமல் இரண்டு மூன்று தரம் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது. அத்தனை தாளும் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

எனக்கு அந்தத் தெருவில் மனசுவிட்டுப் பேச ஒருத்திதான் இருந்தாள். கிழக்குக் கடைசி வீட்டு அக்கா. கிறிஸ்தவள். புருஷன் போன பிறகு, ஒரே பெண்ணை ஆரணிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். கூரையாக இருந்த வீட்டைக் கடலை உடைத்தே ஓட்டு வீடாக்கியவள். நான் புதுப்பெண்ணாக வந்தபோது இந்தத் தெருவில் என்னை முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டவள் அவள். மத்தியானம் குழந்தையை அவள் வீட்டில் படுக்கப்போட்டுவிட்டு நானும் கூட உட்கார்ந்து கடலை உடைப்பேன்.

தாள்கள் பெட்டிக்குள் வந்து ஒரு வாரம் இருக்கும். எண்ணெய் மில் முதலாளி ஒருவருடைய கார் புங்கமரத்தடியில் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த ரோடு வந்தால் அவர் லாரிகள் கடைவீதிக்குள் நெரிபடாமல் போகும். ஊரில் ரோடு வேண்டுமென்று வாயைத் திறந்து சொன்னது அவரும் அவரைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரும்தான். என் வீட்டுக்காரர் அந்தக் காரில் ஏறிப் போய், காபி கிளப்பில் காபி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். அன்று ராத்திரி கேட்டதற்கு, சாதம் போடு என்றார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பெட்டிக்குப் புதுப்பூட்டு வந்தது. நான் இதையெல்லாம் கடைசி வீட்டு அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அவள் உடைத்துக்கொண்டிருந்த கடலையை முறத்தில் வைத்துவிட்டு, அப்போ என் தாளைத் திருப்பி வாங்கிக்கறேன் என்று எழுந்தாள். மரத்தடிக்கே போய்க் கேட்டும்விட்டாள். எழுதியாச்சு, இப்போது தர முடியாது, எல்லாம் ஒன்றாகப் போகும் என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இதைக் கேட்ட பிறகு எனக்கிருந்த மிச்ச நம்பிக்கையும் போய்விட்டது.

ஒரு புதன்கிழமை அவர் திண்டிவனத்துக்குக் கிளம்பினார். எதற்கென்று வழக்கம்போல் சொல்லவில்லை. சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர், சாவியைப் பழைய சட்டையிலேயே விட்டுவிட்டார். குழந்தை தூங்குகிற நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன்.

மேலாகக் கிடந்தது மந்திரிக்குத் தமிழில் எழுதிய ஒரு மனு நகல். எட்டாவது வரை படித்தவள் நான், எழுத்துக்கூட்ட வேண்டிய அவசியமில்லை. புதிய சாலையை விரைவில் அமைத்துத் தர வேண்டும் என்று மில் முதலாளி கேட்டுக்கொள்வதாக, என் வீட்டுக்காரருடைய முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. அதற்கடியில் நாற்பத்திரண்டு தாள். ஒன்றுகூட இப்போது வெள்ளையாக இல்லை. மேலிருந்து கீழ்வரை இங்கிலீஷ். அடியில் தெருவின் ரேகைகள். கடைசி வீட்டு அக்காவின் பேர் ஒரு தாளின் மூலையில் பென்சிலில் இருந்தது.

அந்த இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். எங்களுக்குச் சம்மதம், வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். இல்லாவிட்டால் நமக்குத் தெரியாத பாஷையில் ஏன் எழுத வேண்டும், ஏன் பூட்டி வைக்க வேண்டும்? கூட வாழ்கிற மனுஷனைப் பற்றி இப்படி நினைக்க எனக்குக் கூசவில்லை. கோபம்தான் வந்தது. தாள்களை அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் திணித்தேன். நாற்பத்திரண்டும் எரிந்து முடிகிறவரை குச்சியால் கிளறிக்கொண்டு நின்றேன்.

மில் முதலாளியின் நகலை மட்டும் எரிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடைசி வீட்டுக்குப் போய் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மற்ற தாள்களை எரித்ததைச் சொல்லவில்லை. ரேகை வைத்த தாளை எரித்தால் ஜெயில் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். சொன்னது இவ்வளவுதான்.

"அக்கா, இனிமே யாரு பேப்பர நீட்டினாலும் கைய வெச்சுடாத. எம்புருஷனே வந்து கேட்டாலும் வெக்காத. நானே சொல்றேன்."

அவள் என் தலையைத் தடவினாள். நான் வீட்டுக்குத் திரும்புவதற்குள் அவள் பக்கத்து வீடு ஐந்துக்கும் அதைச் சொல்லியிருக்கிறாள்.

அவர் சாயங்கால பஸ்சில் வந்தார். பெட்டி திறந்து கிடந்தது. நான் ஒளிக்கவில்லை. நகலை அவர் முன்னால் போட்டு, மற்றதையெல்லாம் எரித்துவிட்டேன், தெருவை விற்கிற புருஷனுக்குச் சோறு போட முடியாது என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு சாய்ந்தரம் அஞ்சு மணி. அதுக்கு மேல ஆட்சேபணைய ஒருத்தனும் கையால தொட மாட்டான். அத விசாரிக்கத்தான் திண்டிவனம் போனேன்."

பிறகு அதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னார். நிலம் எடுக்கிற அதிகாரி வெளிமாநிலத்துக்காரர், அவருக்குத் தமிழ் படிக்க வராது. தமிழில் கொடுத்தால் நடுவில் ஒருவர் உட்கார்ந்து அதை இங்கிலீஷாக்குவார், அவர் எந்தப் பக்கத்து ஆளோ. அதனால்தான் இங்கிலீஷ். ஒவ்வொரு வீட்டுக்கும் கிணறு, மாட்டுக்கொட்டகை, கோயில் பாதை என்று வேறு வேறு காரணம் எழுதியிருந்தாராம். வெளியே தெரிந்தால் மில்காரர் ஆட்கள் ஏழை வீடுகளாகப் பார்த்து மிரட்டுவார்கள் என்று பூட்டி வைத்திருந்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் அடுத்த நிமிஷம் கடைசி வீட்டில் போய்க் கொட்டுவாய் என்றார்.

"அப்போ அந்த மில்காரனுக்கு எழுதினது?"

"எழுதினேன். வந்தவனுக்கு எழுதறது எந்தொழிலு. அவன் இன்னா கேக்கிறான்னு தெரிஞ்சதாலதான் அதுக்கு மறுப்பு எழுத முடிஞ்சது."

இந்தக் கடைசிப் பதிலை இன்றுவரைக்கும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. மறுப்பு எழுதுவதற்காகத்தான் அவனுக்கு எழுதினாரா, அல்லது அவனுக்கு எழுதிவிட்டு மனசு உறுத்தி மறுப்பை அவ்வளவு பாடுபட்டு எழுதினாரா? கேட்டிருந்தாலும் சாதம் போடு என்றிருப்பார்.

மறுநாள் காலையில் சாய்வுப் பலகையைத் தெரு நடுவில் கொண்டுவந்து போட்டார். புதுத்தாள் கட்டும் மைப்பெட்டியும் பக்கத்தில் இருந்தன. ஒருவரும் வரவில்லை. பேப்பரெல்லாம் ஏற்கெனவே வாங்கிக்கொண்டாரே, மறுபடி எதற்கு என்று வாசலில் நின்று பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்து என் பேரைச் சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான்தான் வீடு வீடாக ஏறினேன். உங்கள் தாளை எரித்தவள் நான், அவர்மேல் சந்தேகப்பட்டு எரித்தேன், மறுபடி ரேகை வையுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன்.

கேட்காத பேச்சில்லை. ஒரு பெரியவர் என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டு என்று என் வீட்டுக்காரருக்கு யோசனை சொன்னார். ஆனால் அவர்தான் முதலில் பலகைக்கும் போனார். இவ்வளவு முட்டாள்தனத்தை யாராலும் ஜோடிக்க முடியாது, இது நிஜமாகத்தான் இருக்கும் என்றார். தெருவே சிரித்தது. எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். தமிழில் எழுத வேண்டும், உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் ரேகை. இங்கிலீஷுக்கு இனி நேரமும் இல்லை. அவர் எழுத எழுத, மாதா கோயில் உபதேசியார் பக்கத்தில் உட்கார்ந்து படி எடுத்தார். ஒவ்வொன்றையும் எழுந்து நின்று படித்தார்கள். மூன்று மணிக்குள் முப்பத்தாறு முடிந்தது.

மிச்சம் கிழக்குக் கோடி ஆறு வீடு. ஐந்து வீடும் கடைசி வீட்டு அக்கா வைத்தால் நாங்களும் வைக்கிறோம் என்றுவிட்டார்கள். அக்கா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்ல வேண்டியத என்கிட்ட சொல்ற," என்றாள். "நேத்து வந்து, எம்புருஷனே கேட்டாலும் கைய வெக்காதேன்னு சொன்ன. அப்ப பேப்பர எரிச்சிட்டு வந்துதான் சொன்னியா?"

ஆமாம் என்றேன்.

"எரிச்சேன்னு நேத்து சொல்லலியே தங்கச்சி. இன்னிக்கு அவரு பலக போட்டதும் சொல்ற. எரிச்சத நான் பாக்கல. ரெண்டாவது பேப்பர் எதுக்குன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அடுப்புச் சாம்பலை வந்து பார் என்றேன். சாம்பல் எல்லா அடுப்பிலும்தான் இருக்கிறது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடத்துகிற நாடகத்தில் நான் மாட்டிக்கொண்டதாக நினைத்து, என்மேல் பரிதாபப்பட்ட மாதிரிதான் இருந்தது. நாலு மணிவரை கெஞ்சினேன். எழுதியதை நானே படித்துக் காட்டுகிறேன் என்றேன். அவள் கடலை உடைப்பதை நிறுத்தவில்லை. அவர் வந்து என் தோளைத் தொட்டு, நேரமாச்சு என்றார். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் முப்பத்தாறு மனுவையும் தாலுகா ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கினார்.

அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அந்த முப்பத்தாறு மனுவுக்கும் விசாரணை மாசக்கணக்கில் இழுத்தது. கடைக்காரர்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருநாள் கடைவீதி முழுக்க அடைத்தார்கள். கல் நட வந்தவர்கள் முன்னால் பெண்கள் உட்கார்ந்துவிட்டோம், டேப்பைத் தொட இந்தத் தடவை ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் மேலிடத்தில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். ஆனால் அதற்குள், ஆட்சேபணை வராத இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கிழக்கே கடலைக்கொல்லைகள், அதையடுத்து ஆறு வீடு. ஜல்லி கொட்டிக்கொண்டு வந்த ரோடு அந்த ஆறு வீட்டின் இடத்தைத் தாண்டி, ஏழாவது வீட்டுச் சுவரில் வந்து நின்றது.

இடிப்பதற்கு முந்தைய வாரம் கடைசி வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் எங்கள் படியேறியது அன்றுதான். ஓட்டையும் உத்தரத்தையும் பிரித்துப் பெண் ஊருக்குக் கொண்டுபோகப் பத்து நாள் அவகாசம் வேண்டும், அதற்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னாள். நான் மோர் கொண்டுவந்து வைத்தேன். அவள் குடிக்கவில்லை.

அவர் வெள்ளைத்தாளை எடுத்துத் தமிழில் எழுதினார். ஆறே வரிதான். எழுதியதை என்னிடம் நீட்டி, நீ படித்துக் காட்டு என்றார். நான் உரக்கப் படித்தேன்.

"இவ்ளோதான் எழுதியிருக்குதா?" என்றாள்.

"இவ்ளோதாங்க்கா."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"சத்தியமா இல்லக்கா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். பிறகு தாளை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டாள்.

"உபதேசியாரும் ஒரு தரம் படிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

அவள் திரும்பி வந்து ரேகை வைக்கிறவரை, மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.